அப்பாவுக்கு இடமில்லை

திரும்பி வந்திறங்கும் ராக்கெட்டின் கரியைத் துடைத்தே அப்பாவின் காலம் போனது. செத்த பிறகு சாம்பலாகவாவது அதில் மேலே போக வேண்டும் என்பது அவர் ஆசை. டிக்கெட்டும் எடுத்தோம்.

இன்று ராக்கெட் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டது. அப்பா இன்னும் கம்பெனி குடோனில்தான்! ஃபோனில் கத்தினேன்.

"கடைசி நேரத்துல ஒரு விளம்பர சாட்டிலைட் வந்துடுச்சு மேடம். எடை கூடினதால உங்க அப்பாவை இறக்கிட்டோம்."

"மூணாவது தடவையா இறக்குறீங்க! நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம்யா!"

"ஸாரி மேடம். இதுக்கு ஈடா, உங்க வீட்டுல அடுத்து யார் தவறினாலும் டிக்கெட் இலவசம்."

அம்மா ஃபோனைப் பிடுங்கினாள்.

"மொதல்ல அந்த மனுசனைத் திருப்பிக் குடு. ராமேஸ்வரத்துக்கு பஸ் இருக்கு. அதுல யாரும் அவரைப் பாதியில இறக்கிவிட மாட்டாங்க."