கழுத்தில் ஒரே தோட்டா

"இந்த சீசன்லயும் உனக்கு சைபர்தானா, அப்பாவு?" என்று கேட்டார் பஞ்சநாதன்.

"சைபர்தான். அதுக்கு என்னா இப்போ? மானுக்கு நாலு காலு இருக்குது, ஓடிப்போச்சு" என்றான் அப்பாவு.

உப்பளக் கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

மரக்காணத்தில் ஐப்பசி மழை விழுந்தால் உப்பு வாருவது நின்றுவிடும். உப்பை நக்க வரும் மான்களும் வேறு பக்கம் போய்விடும். அன்றைக்கு வேட்டைக்காரர்கள் கூடி, அந்த வருஷத்துப் பெருமையையும் வருத்தத்தையும் பேசித் தீர்ப்பது வழக்கம். ஒன்றுமே அடிக்காதவன் மற்றவர்களுக்கு டீ ஊற்ற வேண்டும். அப்பாவு பல வருஷமாக ஊற்றுகிறான்.

இரலை, நவ்வி, உழை என்று தமிழில் மானுக்கு எத்தனையோ பெயர். அந்தக் கொட்டகையில் ஒரே பெயர்தான்: கறி. மான் சுட்டால் ஜெயில் என்று சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அது இன்னும் மரக்காணத்துக்கு பஸ் ஏறவில்லை.

"எனக்கு ஒரே வருத்தம், அந்தப் பொட்ட மானு தப்பிச்சதுதான்" என்றார் பஞ்சநாதன்.

"எனக்கு வருத்தமே இல்லேப்பா." உப்பள முதலாளி சக்கரபாணி மீசையைத் தடவினார். "கொம்பு மானு. வரப்பைத் தாவுது. தாவுறப்பவே அடிச்சேன். கழுத்துல ஒரே தோட்டா! இந்த ஊர்ல எவனாவது அப்படி அடிச்சிருக்கானா?"

அப்போதுதான் பாரஸ்ட் கார்டு உள்ளே வந்தார். கையில் ஒரு சாக்கு மூட்டை. பின்னால் அருக்காணி, அழுத முகத்தோடு.

அவள் சக்கரபாணியின் உப்பளத்தில் உப்பு சுமப்பவள். வேட்டைக்காரர்கள் கொடுக்கிற தோலில் உப்புத் தேய்த்துக் காய வைப்பதும் அவள்தான்.

"இந்தம்மா குடிசையில மான் தோல் இருந்துச்சு" என்றார் கார்டு. "சுட்டது யாருன்னு கேட்டா வாயே திறக்கல. ஆள் கெடைக்கலேன்னா கேசு இவங்க மேலதான்."

அருக்காணி சக்கரபாணியைப் பார்த்தாள். கூலி கொடுக்கிறவர் பெயரை எப்படிச் சொல்வது? சக்கரபாணி கூரை ஓலையை எண்ணிக்கொண்டிருந்தார்.

"மானா? இந்தப் பக்கம் ஏதுங்க மானு?" என்றார் பஞ்சநாதன்.

"நாங்க முயலோட சரிங்க" என்றார் சக்கரபாணி.

அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சக்கரபாணி பெயரைச் சொன்னால், அவர் 'நான் சுடவே இல்லை' என்று சாதிப்பார். சாட்சிக்கு ஒருவனும் வர மாட்டான்.

டீக் கூஜாவை நங்கென்று கீழே வைத்தான்.

"நான்தான் சுட்டேன். என்னா பண்ணுவீங்க?"

கார்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? எப்படிச் சுட்டே?"

"எப்படின்னா? அது நொண்டி மானு சார். முந்திரித் தோப்பாண்ட படுத்துக் கெடந்துச்சு."

சக்கரபாணியின் மீசை துடித்தது.

"கெழ மானு வேற. பல்லுகூட இல்லே. கொழந்தை கல்லை வுட்டாலே செத்திருக்கும். அதையே மூணு தோட்டா கண்ட எடத்துல வுட்டு, கடைசியா வாலாண்ட பட்டுதான் செத்துச்சு."

பஞ்சநாதன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சக்கரபாணியின் முகம் சிவந்தது.

"நல்லாத் தேடினா அந்தத் தோல்ல நாலு ஓட்டை இருக்கும் சார். இதுக்குப் பேரு வேட்டையா? சுட்டவன் நானு, எனக்கே வெக்கமா இருக்குது."

"டேய், யாருடா நொண்டி மானுன்னு சொன்னது?" சக்கரபாணி துள்ளி எழுந்தார். "குதிரையாட்டம் தாவிச்சுடா அது! தாவுறப்பவே கழுத்துல போட்டேன்! சார், நீங்க மூட்டையைப் பிரிங்க. ஒரு ஓட்டைக்கு மேல இருந்தா என் மீசையை எடுத்துடுறேன்! இந்த மூஞ்சியா அப்படிச் சுடும்..."

பாதியில் நின்றார்.

அப்பாவு கார்டைப் பார்த்தான்.

"கேட்டுக்கினீங்களா சார்? அருக்காணியை வூட்டுக்குப் போவச் சொல்லுங்க."