பிரிக்காத பசை டப்பா

ஒரு மீன்பிடிப் படகு இருந்தாள். புதுசாக எந்தச் சாமான் வந்தாலும் வாங்கிச் சேர்ப்பாள். ஒன்றையும் தொட விடமாட்டாள். காற்றடிக்கும் மிதவை, கடையில் போட்ட பிளாஸ்டிக் உறையோடு அப்படியே கிடந்தது. விரிசல் அடைக்கும் பசை டப்பாவுக்கு சீல்கூட உடையவில்லை. அவள் அடிவயிற்றிலோ ஒரு விரிசல்.

கசிகிற தண்ணீரை மொண்டு ஊற்றியே அலுத்துப்போன பிளாஸ்டிக் குவளை ஒருநாள் கேட்டது:

"அக்கா, அந்தப் பசையில் ஒரு விரல் எடுத்துத் தடவினால் என்ன?"

"இந்த நகக்கீறலுக்கா டப்பாவைத் திறப்பாங்க? திறந்தா மீதி கெட்டுப்போகும். பெரிசா ஏதாவது வரட்டும். அதுவரைக்கும் நீ எதுக்கு இருக்கே? மொண்டு ஊத்து!"

"மூடியே வைத்தாலும் கெட்டுத்தான் போவேன், அக்கா," என்றது டப்பா.

வாங்கி வைத்த சாமானுக்கெல்லாம் வாய் முளைத்துவிட்டது என்று படகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காற்றுக் காலம் வந்தது. நடுக்கடலில் ஒரே அலை. அவள் கேட்டபடியே பெரிசாக வந்தது. விரிசல் கையகலத்துக்குப் பிளந்தது.

"திறடி டப்பாவை!" என்று அலறினாள்.

குவளை மூடியை நெம்பியது. உள்ளே பசை கருங்கல்லாக இறுகிக் கிடந்தது.

"மிதவையாவது இருக்கே அக்கா, பிரிச்சுக் காற்றடிக்கட்டுமா?"

தண்ணீர் விளிம்பைத் தொட்டுவிட்டது. அப்போதும் படகு ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"சரி, பிரி. ஆனா உறை கிழியாம, பார்த்துப் பிரிடி."

குவளை மட்டும் மிதந்து கரைக்கு வந்தது.