ஏழாவது பட்டம்

கரணப் போட்டியில் ஆறு வருடமாகத் தோற்காத மந்தி, ஏழாவது பட்டத்துக்காகக் கம்பியிலிருந்து பாய்ந்தது. அந்தரத்தில் இரண்டு முறை சுழன்று மெத்தையில் இறங்கியதும் அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் வீங்கிய கணுக்கால் மடங்க, மந்தி ஓர் அடி முன்னே வைத்துவிட்டது.

“ஓர் அடி! போச்சு மகாராணி, இந்தத் தடவை பட்டம் அணிலுக்கு!” என்று கத்தியது நடுவர் காகம்.

மந்தி தலைகுனிந்து நின்றது.

“ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டது மெத்தை.

“மூணு வருஷமா வலிக்குது,” என்றது மந்தி. இதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் தோள்கள் தாமாகவே தளர்ந்தன.

“இத்தனை நாளா என்மேலே நின்னுட்டு நின்னுட்டுப் போனே. இன்னிக்காவது படுத்துப் பாரேன்.”

மந்தி கைகால்களைப் பரப்பிப் படுத்தது. அணில் பட்டம் வாங்கியபோது எழுந்த கைதட்டலிலும் அதன் குறட்டை நிற்கவில்லை.