கொஞ்சம் லைன்ல இருங்க

தினமும் சரியாக ஒரு மணிக்கு டைப்பிஸ்டின் கணவன் அலுவலகத்துக்குப் போன் செய்வான்.

"என் வொய்ஃப்கிட்ட பேசணும், கனெக்‌ஷன் குடுங்க."

ஆபரேட்டருக்கு வயிறு எரியும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவள் கணவன் ஒரு நாளாவது கூப்பிட்டு, "என்ன பண்றே?" என்று கேட்டதில்லை. டைப்பிஸ்டுக்கு மட்டும் இப்படியொரு யோகம்!

"கொஞ்சம் லைன்ல இருங்க சார்" என்பாள். மூன்று நிமிடம் வேண்டுமென்றே காக்க வைத்துவிட்டுத்தான் டைப்பிஸ்டின் எண்ணை அழுத்துவாள். முதல் மணியிலேயே டைப்பிஸ்ட் எடுத்துவிடுவாள். அந்த அவசரம் ஆபரேட்டரின் எரிச்சலை இன்னும் கிளப்பும்.

இன்று ஐந்து நிமிடம் காக்க வைத்தாள். அப்படி என்னதான் கொஞ்சுகிறார்கள், கேட்போமே என்று, இணைப்பைக் கொடுத்த பிறகும் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.

"போனை எடுக்க அஞ்சு நிமிஷமா? எவன்கூடடி இருந்தே?"

"மணி அடிச்சதுமே எடுத்துட்டேங்க. சத்தியமா."

"தினமும் இதே பொய். நேத்து வாங்கினது போதலையா?"

ஆபரேட்டர் இடையில் புகுந்தாள்.

"சார், அவங்க மேல தப்பே இல்ல. உங்களைக் காக்க வெச்சது நான்தான்" என்றாள்.

மறுமுனையில் அவன் சிரித்தான்.

"ஓஹோ! ஆபரேட்டரும் உனக்கு உடந்தையா?"