எண்பத்து நான்கு டிகிரி

குடுவையில் இருந்தது அதே தேன். ஏழு மாதமாக அதே தேன்.

பார்வைக்குத்தான் தேன்; உண்மையில் தயசோல் சேர்மம். ஐந்து மூலை வளையம். ஒரு மூலையில் கந்தகம், இன்னொன்றில் நைட்ரஜன். மணம் வறுத்த வேர்க்கடலை. மணத்துக்கு ஒரு குறையும் இல்லை. படிகமாகத்தான் மாட்டேன் என்று அடம்பிடித்தது.

பனிக்கட்டியில் வைத்தேன். கண்ணாடிக் குச்சியால் சுரண்டினேன். கெஞ்சியும் பார்த்தேன். மசியவில்லை.

படிகம் இல்லாமல் உருகுநிலை இல்லை. உருகுநிலை இல்லாமல் ஆய்வேட்டில் கைடு கையெழுத்துப் போட மாட்டார். மாலை ஐந்துக்குள் அந்த எண் வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருடம். மணி மூன்றரை.

வழி ஒன்று இருந்தது. அதே பொருளின் படிகத் துகள் ஒன்று உள்ளே விழுந்தால் போதும். அதைப் பார்த்து மற்றதெல்லாம் வரிசையில் வந்து நின்றுவிடும். அந்தத் துகள் மாடியில், அக்காவிடம் இருந்தது.

எனக்கு முன் இந்த மேசையில் வேலை பார்த்த சீனியர் அவள். வெள்ளைப் படிகம், எண்பத்து நான்கு டிகிரியில் உருகும் என்று குறித்து வைத்திருந்தாள். எனக்கு வரவில்லை என்ற எரிச்சலில், அவள் செய்தது வேறு ஏதோவாக இருக்கும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. அன்றே மாடி ஆய்வகத்துக்குப் போனவள் என்னோடு பேசவே இல்லை. எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

கதவு திறந்தது. அக்கா! இடுக்கி இரவல் வாங்க வந்தாளாம்.

என் குடுவையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் தேனாத்தான் இருக்கா?"

கோட்டின் கைமடிப்பை நேரே அதன்மேல் உதறினாள். இடுக்கியைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

திமிரைப் பார் என்று பல்லைக் கடித்தேன்.

ஐந்தே நிமிடம். தேனின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதிலிருந்து ஓர் ஊசி. ஊசிக்குப் பக்கத்தில் ஊசி. கண்முன்னாலேயே குடுவை முழுவதும் வெளுத்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையே ஓடி வந்தது.

"அவ பழைய கோட்டுத் தூசிதான் காப்பாத்திச்சு, போ!" என்று நடந்ததைக் கேட்ட கைடே கைதட்டிச் சிரித்தார்.

கொஞ்சம் சுரண்டி, மெல்லிய குழாயில் அடைத்துச் சூடாக்கினேன். எண்பத்து மூன்றில் அசையவில்லை. எண்பத்து நான்கில் உருகியது. அவள் எழுதிய அதே எண்.

இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினேன். மன்னிப்பு, நன்றி எல்லாம் ஒன்றாகக் குழற, அவளைக் கட்டிக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது. அவளும் என்னை விடவில்லை.

கோட்டில் சோப்பு மணம் அடித்தது. இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை.

கோட்டுப் பையில் இருந்த சின்னக் குப்பி ஒன்று என் விலாவில் இடித்தது. அவசரத்தில் மூடியைச் சரியாகத் திருகவில்லை போலும். அங்கிருந்துதான் லேசாக வேர்க்கடலை வாசனை வந்தது.