கேட்க விடாத கேள்வி

"தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் போங்க" என்றாள் என் மனைவி புவனேஸ்வரி. வந்து குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்க, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனேன். அரை மணி நேரத்தில் மலை சரிந்து, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் கீழ்ப் பாதியை மூடியது. அவளும் அதற்குள் போனாள்.

இதைப் பேசத்தான் பண்டாரவளையில் நடந்த மண்சரிவு மாநாட்டுக்கு என்னை அழைத்தார்கள். ஏற்பாட்டாளர் சிவானுஜா பஸ் நிலையத்துக்கு வாகனம் அனுப்பினார். நின்று பேச முடியாவிட்டால் உட்கார, மேடையில் நாற்காலி போட்டுவைத்தார்.

"ஐயா, மனசுக்குக் கஷ்டமான கேள்வி ஏதும் இருந்தா இப்பவே சொல்லுங்க. யாரையும் கேக்க விட மாட்டேன்."

"இப்ப எங்க குடியிருக்கேன்னு மட்டும் கேக்க வேணாம் மிஸ்."

அவர் கண் கலங்க அதைக் குறித்துக்கொண்டார்.

நான் பேசி முடித்ததும் ஓர் அதிகாரி எழுந்தார். "இப்ப நீங்க எங்க..."

சிவானுஜா அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "மன்னிக்கணும் சேர். அந்தக் கேள்வி அவருக்கு வேதனை."

சபை தலைகுனிந்தது.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. "எங்க இறக்கணும் ஐயா?" என்றார் சாரதி.

"லயத்துலதான்."

"அதான் மண்ணுக்குள்ள போயிருச்சே?"

"மேல் பாதி நிக்குது. ஆபத்து, யாரும் இருக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டிட்டாங்க. போக எடமில்லாம எட்டுக் குடும்பம் அங்கதான் இருக்கு, நானும் அவங்களோடதான்."

"அத மேடையிலயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நாளைக்கே பூட்டிருவாங்க தம்பி. வேற எடம் யாரும் குடுக்க மாட்டாங்க."

அவர் மலையடியில் வண்டியை நிறுத்தினார். மேலே, எட்டு வீட்டுக் காம்பராக்களின் கூரைகளிலிருந்தும் வழக்கம்போல அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது.