ஜன்னல் திரை

ஜன்னல் திரை மறுபடியும் இழுத்து மூடியிருந்தது. ஆம்ப்ரோஸுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“யார் மூடினது?”

ஹாலைப் பார்த்துக்கொள்ளும் காதர் மைதீன் தயங்கித் தயங்கி, பரீதா என்றார்.

வேறு யாராக இருக்கும்? கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் எந்தப் படத்தை எங்கே மாட்டுவது என்பது கமிட்டியில் இருக்கும் பரீதாவின் பொறுப்பு. துணியில் மெழுகும் சாயமும் வைத்து அவள் வரையும் பத்திக் ஓவியங்களுக்குச் சிராங்கூன் ரோட்டில் நல்ல பெயர். முதல் நாளே ஆம்ப்ரோஸின் படத்தைத் துடைப்பம் வைக்கிற அறைக்குப் பக்கத்தில், இருட்டு மூலையில் மாட்டிவிட்டாள். அவன் சண்டை போட்டு அதைப் பெரிய ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்ட வைத்தான். இப்போது ஜன்னலையே மூடுகிறாள்.

பொறாமை. வேறென்ன?

எண்பத்தேழில் அந்தச் சங்கத்தில் கம்ப்யூட்டரில் படம் போடுகிறவன் அவன் ஒருவன்தான். அதனால் ஊரில் இருக்கிற வேலையெல்லாம் அவன் தலையில். மாதா கோயில் திருநாள் நோட்டீஸ், நாடகக் குழு போஸ்டர், புடவைக் கடை விளம்பரம். பொத்தானைத் தட்டினால் வந்துவிடும் என்று எல்லாருக்கும் நினைப்பு. ஆபீஸ் விட்டுக் குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்தால் போன் ஓயாது. யார் கூப்பிட்டாலும் வீட்டில் இல்லை என்று சொல்லிவிடும்படி மனைவி பிலோமினாவிடம் சொல்லி வைத்திருந்தான்.

மூன்று வருஷத்தில் தனக்கென்று அவன் வரைந்தது இந்த ஒரு படம்தான். எதிர் அடுக்குமாடி பிளாக்கின் ஜன்னல்களில் நீட்டிய மூங்கில் கம்புகள், அவற்றில் காயும் துணிகள், நடுவில் ஒரு சிவப்புச் சேலை. புள்ளி புள்ளியாக நான்கு மாதம். கலர் ரிப்பன் போட்ட பிரிண்டரில் எட்டுத் தாளாக எடுத்து ஒட்டினான். ஒட்டி முடித்த அன்று, பிழைத்தேன் என்று இருந்தது அவனுக்கு. நோட்டீஸ் போடுகிறவனாகவே செத்துப்போக மாட்டேன் என்று நினைத்துக்கொண்டான்.

அதைச் சங்கத்துக்குள் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மெஷின் போட்டதெல்லாம் ஓவியமா என்று தலைவர் மருதப்பன் இழுத்தார். கமிட்டியில் ஐந்து பேரில் மூன்று பேர் கை தூக்கியதால்தான் அது உள்ளே வந்தது.

ஆம்ப்ரோஸ் கமிட்டியிடம் புகார் எழுதிக் கொடுத்தான். அன்று சாயங்காலமே பரீதாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஏன் திரையை மூடினாய் என்று மருதப்பன் மூன்று தடவை கேட்டார். அவள் கடைசியில் ஆம்ப்ரோஸைப் பார்த்தாள்.

“இவர்ட்ட தனியா சொல்றேன் சார்.”

“எங்கிட்டத் தனியாப் பேச ஒண்ணும் இல்ல” என்றான் ஆம்ப்ரோஸ்.

கண்காட்சி முடிகிறவரை அவள் ஹாலுக்குள் வரக்கூடாது, யாரும் திரையை மூடக்கூடாது என்று முடிவாயிற்று. தன்னுடைய மூன்று ஓவியங்களையும் சுருட்டி எடுத்துக்கொண்டு அவள் போனாள். ஆம்ப்ரோஸ் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டான்.

அதன் பிறகு மூன்று வாரம் அவனுக்கு ஹால் பக்கம் வர நேரமே கிடைக்கவில்லை. திருநாள் நோட்டீஸை இரண்டு தடவை மாற்றச் சொன்னார்கள். கடைசி நாளன்று, படத்தைக் கழற்றிக்கொண்டு போகத்தான் வந்தான்.

படத்தில் கம்புகள் இருந்தன. சேலை இல்லை. சிவப்பு இருந்த இடத்தில் வெளுத்த கறை மாதிரி ஏதோ இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தான். தள்ளி நின்று பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் அது வெறும் தாள்தான்.

“இதுக்கு ஏன் முகத்தத் தொங்கப் போடுறீங்க? மெஷின்ல இன்னொண்ணு அடிச்சுக்கலாம் லா” என்று சொல்லிவிட்டு மருதப்பன் நாற்காலிகளை எண்ணப் போய்விட்டார்.

அடிக்க முடியாது. நோட்டீஸைப் பதிய டிஸ்கில் இடம் இல்லையென்று போன வாரம்தான் அந்தப் படத்தை அழித்திருந்தான். படம்தான் பத்திரமாகச் சுவரில் இருக்கிறதே என்று நினைத்திருந்தான்.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இனி இன்னொரு நான்கு மாதம் தனக்கு வாய்க்கப் போவதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

“அவதான் ஏதோ பண்ணிட்டா” என்றான்.

காதர் மைதீன் பக்கத்தில் வந்து நின்றார்.

“அப்படிச் சொல்லாதீங்க தம்பி. இந்தச் சிவப்பு மத்தியான வெயிலுக்கு நிக்காது, மூலையில இருந்தாத்தான் பொழைக்கும்னு அந்தப் பொண்ணு முதல் நாளே எங்கிட்டச் சொல்லுச்சு. சாயத்தோடயே இருக்கிற பொண்ணு, அதுக்குத் தெரியாதா? யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு.”

“கமிட்டியில கேட்டாங்களே, அப்பச் சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா, சாயம் போற படம் நமக்கு எதுக்குன்னு கழட்டி வீசிருவாங்களாம். அப்புறம் கம்ப்யூட்டர் படத்த யாரும் உள்ள விட மாட்டாங்களாம். உள்ள விடலாம்னு மொதல்ல கை தூக்கினதே அந்தப் பொண்ணுதான்.”

ஆம்ப்ரோஸ் நிமிர்ந்து பார்த்தான்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

காதர் மைதீன் படத்தைச் சுவரிலிருந்து மெதுவாகக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்.

“தினமும் உங்க வீட்டுக்குப் போன் போட்டுச்சு தம்பி. நீங்க வீட்டுல இருக்கிறதே இல்லையாமே.”